அரவைப் பகுதியின் நூறு வீதம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை. ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தாண்டினால் உங்கள் கவனம் சிதறிவிடுமாம். மூன்று மணி நேரப் படத்தை இடைவேளை இல்லாமல் போனில் பார்க்கிறவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வு அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். எந்த ஆய்வு என்று கேட்டேன். அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. ஆகவே நான் என் பாட்டுக்கு எழுதுகிறேன். கவனம் சிதறுகிறவர்கள் நடுவில் எழுந்துபோய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் அட்டையில் ‘கற்றல் அனுபவ வடிவமைப்பாளர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னை ‘ட்ரெயினிங் மிஸ்’ என்றார்கள். மாத்தளையில் அலுவிகாரைப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, மிளகும் மஞ்சளும் கறுவாவும் அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலை. அதில் இருபத்திரண்டு வருடம் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு புரொஜெக்டரும். புரொஜெக்டர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

இந்தத் தொழிலில் புதுப் போக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. சேலைக்கடையில் தீபாவளிக்குத் தீபாவளி புது டிசைன் வருவதைப்போல இங்கேயும் வரும். ஒரு காலத்தில், யார் கண்ணால் கற்பவர், யார் காதால் கற்பவர் என்று பிரிக்கச் சொன்னார்கள். கண்டியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு வைத்து, நல்ல சாப்பாடும் போட்டுச் சொன்னார்கள். நான் திரும்பி வந்து எல்லோரையும் பிரித்தேன். மிளகு காயவைக்கும் பகுதியில் இருந்த ஒருத்தி, “மிஸ், நான் மூக்காலதான் கத்துக்கிட்டேன். மெளகு காஞ்சிருச்சான்னு மணத்துலயே தெரியும்” என்றாள். என் படிவத்தில் மூக்குக்குக் கட்டம் இருக்கவில்லை. ‘மற்றவை’ என்று எழுதிக்கொண்டேன். பிறகு, இப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். யார் காதிலும் விழவில்லை. அதற்குள் அடுத்த டிசைன் வந்துவிட்டது. நட்சத்திரம், பதக்கம், முன்னணிப் பட்டியல் என்று பாடத்தை விளையாட்டாக்கினார்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி நுண்கற்றல் என்றார்கள். இப்போது செயற்கை அறிவு எழுதுகிறது, செயற்கைக் குரல் வாசிக்கிறது. கற்பதற்கும் செயற்கையாக ஒருவர் வந்துவிட்டால் மனிதர்கள் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம்.

ஏதோ நான் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவள் போலப் பேசுகிறேன். இல்லை. எல்லா டிசைனையும் நானும் உடுத்திப் பார்த்தவள்தான். அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கொரோனா அடங்கிய பிறகு, இணையவழிப் பயிற்சித் தளம் ஒன்றை விற்பதற்குக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். பேச்சில் சக்கரை. ஒவ்வொரு தொழிலாளியின் போனிலும் பாடம் போகும், வாரத்துக்கு ஒன்று, முடிவில் ஐந்து கேள்வி. முடித்தவரின் பெயர் என் திரையில் பச்சையாக மாறும். முடிக்காதவர் சிவப்பு. அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியபோது திரை முழுக்கப் பச்சை, மழைக்குப் பிந்திய வயலைப்போல. எனக்குப் பச்சை பிடித்துப்போனது.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. உணவுப் பொருள் தயாரிக்கும் இடம் என்பதால் போனை உள்ளே கொண்டுவர எங்கள் தொழிற்சாலையில் அனுமதி இல்லை. வாசலில் பூட்டிவைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஆகவே பாடத்தை வீட்டில் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பினேன். அவர்களுடைய போன், அவர்களுடைய டேட்டா, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை. எங்களுடையது பச்சை நிறம் மட்டும். அப்போது இது எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை. ‘கற்பவர் தன் நேரத்துக்குத் தானே எசமான்’ என்று அந்தத் தம்பி தந்த புத்தகத்தில் அழகாக எழுதியிருந்தது.

நாற்பது பாடம் செய்தேன். தலைக்கவசம் போட்ட ஒரு கராம்பு வந்து பேசும். ‘கராம்பு மாமா’ என்று பெயர். மாமாவுக்குக் கண் சிமிட்டப் பழக்குவதற்கே எனக்கு மூன்று வாரம் போனது. நான் வஹகோட்டைப் பக்கத்து ஆள், செபமாலை சொல்லி வளர்ந்தவள். வாயில் செபம் ஓடும்போது மனம் அடுப்பில் இருக்கும் கறியில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கராம்பு மாமாவைப் பார்த்தால் யாருக்கும் மனம் வேறு எங்கும் போகாது என்று நம்பினேன்.

இரண்டாம் மாதமே, அதுவரை அனுப்பிய பாடங்களை அரவைப் பகுதி நூறு வீதம் முடித்திருந்தது. பதினாலு பெண்கள், பதினாலும் பச்சை, எல்லோருக்கும் முழுப் புள்ளி. மற்றப் பகுதிகள் பாதி வழியில் நொண்டிக்கொண்டிருந்தன. கம்பனிக்கு ஐந்து தொழிற்சாலைகள், அத்தனையிலும் இப்படி ஒரு பகுதி இல்லை என்று கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் கண்ணாடிக் கேடயம் தருவதாக முடிவானது.

விழாவில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமே என்று பதிவுகளைத் திறந்தேன். அந்த வாரம் பதினாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடம் செய்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு நாலே நிமிடம், எல்லாம் ஒரே போனில். முந்தின வாரத்தைப் பார்த்தேன். அதிலும் ஒரே போன், ஆனால் வேறு ஒருவருடையது. அரவைப் பகுதி சுப்பவைசர் ரிஸ்வானைக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினைந்து வருடமாக அந்தப் பகுதியில் இருப்பவர், பொய் சொல்ல வராது.

“அவங்க சீட்டுப் போட்டிருக்காங்க மிஸ்” என்றார்.

“என்ன சீட்டு?”

“காசுச் சீட்டு இல்ல, பாடச் சீட்டு. பதினாலு பேர எழுதிக் குலுக்கி வரிசை எடுத்திருக்காங்க. வாரத்துக்கு ஒருத்தர். யார் டேர்னோ அவங்க பதினாலு பேருக்கும் செஞ்சு முடிச்சிருவாங்க. மத்தவங்களுக்கு அந்த வாரம் டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம்.”

“இது பிழை இல்லையா ரிஸ்வான்?”

“தோட்டத்துல, செல்வராணிட லய வீட்டுல சிக்னல் இல்ல மிஸ். மேல் ரோட்டுக்கு ஏறணும். பல்லேகமயில இருந்து வந்து போர்டிங்ல நிக்கிற புள்ளைக்கு நல்ல போனே இல்ல. நீங்க செவப்புப் பேர போர்ட்ல ஒட்டுறீங்க. அவங்க என்ன செய்வாங்க?”

சீட்டு இல்லாத வேலைத்தலம் நம் ஊரில் உண்டா? அரிசிக்குச் சீட்டு, பாத்திரத்துக்குச் சீட்டு, பள்ளிச் சப்பாத்துக்குச் சீட்டு. தனியாகத் தூக்க முடியாததைக் கூட்டாகத் தூக்கும் வழி அவர்களுக்குக் கைவந்தது. நான் தூக்கிவைத்த சுமையையும் அப்படியே தூக்கிவிட்டார்கள். கூட்டுக் கற்றல் என்று நீங்கள் ஸ்லைடு போடுவீர்களே, அதைப்போல இது கூட்டாகக் கற்காமல் இருத்தல். உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்கள் மேல் ஒரு மரியாதையும் வந்தது.

ஆனால் அன்று நான் செய்த வேலை என்ன தெரியுமா? “இத யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று ரிஸ்வானிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டேன். பணிப்பாளரோடு படம் எடுத்தார்கள். படத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எட்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் மஞ்சள் அரைக்கும் மெஷின் அடைத்துக்கொண்டது. அங்கே நின்றவள் செல்வராணி. முப்பத்தைந்து வயது, அலுவிகாரைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவள், ஒருநாளும் லீவு கேட்டு என் அறைப் பக்கம் வந்ததில்லை. சுவிட்சை அணைத்தாள், மூடியைத் திறந்தாள், அடைப்பை இழுத்தெடுக்கக் கையை விட்டாள். உள்ளே பிளேட் இன்னும் நின்றிருக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. ரிஸ்வான் அவளைக் கம்பனி வேனில் ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த மெஷினைப் பற்றியதுதான் என் இருபத்திமூன்றாம் பாடம். அந்தப் பாடம் வந்த வாரம் டேர்ன் புஷ்பத்துடையது. விபத்து நடந்த அன்று புஷ்பம் லீவு.

வேன் திரும்பி வருவதற்கு முன்பே கொழும்பிலிருந்து மனிதவளப் பிரிவின் தலைவர் போன் எடுத்தார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நினைத்தேன். “மிஸ், அந்தப் பாடத்தை அவர் முடித்த பதிவு இருக்குத்தானே? கையெழுத்து வைத்து அனுப்பிவிடுங்கள். வெறும் ஃபோர்மாலிட்டி” என்றார். திரையில் செல்வராணியின் பெயர் பச்சையாக இருந்தது. அச்செடுத்தேன், கையெழுத்து வைத்தேன், அனுப்பினேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், ஆனாலும் அனுப்பினேன். என் வேலைக்காலத்தில் நான் வைத்த கையெழுத்துகளிலேயே கேவலமானது அதுதான்.

பயிற்சிப் பதிவு எதற்கு என்று உங்களுக்குப் பாடமாக்கித் தந்திருப்பார்கள். திறன் வளர்க்க, இடைவெளி கண்டறிய, இன்னும் என்னென்னவோ. அது உண்மையில் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து, ரிஸ்வான் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது. செல்வராணிக்கு வந்த குற்றப்பத்திரிகை. உரிய பயிற்சியை முழுப் புள்ளியோடு முடித்திருந்தும், தெரிந்தே அலட்சியமாக நடந்துகொண்டார், ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது? இணைப்பு ஒன்று: என் கையெழுத்து.

“வேலையும் போகும், நட்டஈடும் இல்லன்னு சொல்வாங்க மிஸ்” என்றார் ரிஸ்வான். “இந்தக் கையோட அவளுக்கு வேற யார் வேலை குடுப்பாங்க?”

விசாரணை மாடிக் கூட்ட அறையில் நடந்தது. மனிதவளத் தலைவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். குறிப்பெடுக்க ஒருவர், சாட்சியாக நான், எதிரே செல்வராணி. கையில் கட்டு, மடியில் ஒரு கைக்குட்டை. கேள்விகள் சிங்களத்தில், அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“இருபத்திமூன்றாம் பாடத்தை நீங்கள் செய்தீர்களா, இல்லையா?”

இல்லை என்று அவள் சொன்னால் போதும், பதிவு பொய்யாகிவிடும், வேலை தப்பும். ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்கும் தெரியும். அப்படியானால் செய்தது யார்?

“ஆமா சேர், நான்தான் செஞ்சேன்.”

“முழுப் புள்ளி எடுத்தீர்களா?”

“ஆமா சேர்.”

“அப்போ எல்லாம் தெரிந்துகொண்டுதான் கையை விட்டீர்கள்?”

கைக்குட்டையைச் சுருட்டினாள். “அப்படியே எழுதிக்கோங்க சேர்” என்றாள்.

பதிமூன்று பேரைக் காப்பாற்ற அவள் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள். கேடயம் வாங்கிய நானோ பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். வாயை மூடிக்கொண்டிருந்தால் செல்வராணி போய்விடுவாள். எழுந்து நின்று உண்மையை முழங்கினால் பதினாலு பேரும் போய்விடுவார்கள், எனக்கு மனச்சாட்சியுள்ள அம்மா என்று பெயர் வரும். உண்மை பேசுவது பெரிய காரியம் இல்லை பிள்ளைகளே. அது யார் தலையில் போய் விழும் என்று பார்த்துப் பேசுவதுதான் பெரிய காரியம்.

செல்வராணியைக் கீழே அனுப்பி ஒரு டீ கொடுக்கச் சொன்னேன். குறிப்பெடுப்பவரையும் கூடப் போகச் சொன்னேன். கதவு சாத்தியதும் பேசினேன்.

“நான் கையெழுத்து வைத்த பதிவு பொய் சேர். பொய் என்று எனக்கு எட்டு மாதத்துக்கு மேலாகத் தெரியும்.”

அவர் முகம் மாறியது. “அவருடைய பாடத்தைச் செய்தது யார்? பெயரைச் சொல்லுங்கள்.”

“பெயர் சொல்ல ஆரம்பித்தால் அரவைப் பகுதியையே பூட்ட வேண்டிவரும். அதோடு நிற்காது. மற்ற நாலு தொழிற்சாலைகளின் பதிவையும் நேற்றுப் பார்த்தேன். அங்கேயும் இப்போது ஒரே போன்தான். இங்கே குலுக்கியாவது எடுக்கிறார்கள், அங்கே சுப்பவைசரே உட்கார்ந்து எல்லோருக்கும் செய்கிறார்.”

“இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்?”

“இந்த நூறு வீதத்தைத்தானே போன மாதம் வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்பினோம்? அந்தக் கடிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. பொய்ப் பதிவுக்காக யாரையாவது நீக்குவதென்றால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அடுத்த பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.”

“மிரட்டுறீங்களா மிஸ்?”

“இல்லை சேர். ட்ரெயினிங் கொடுக்கிறேன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இன்னொன்றும் சொன்னேன். உள்ளே பிளேட் நிற்கும் வரை மூடியைத் திறக்க விடாத ஒரு லொக் இருக்கிறது. அது பழுது என்று ரிஸ்வான் பராமரிப்புப் புத்தகத்தில் பல தடவை எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தை விசாரணையில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் போன் பேசினார். பிறகு, இன்றைக்கு இவ்வளவு போதும் என்றார்.

நியாயம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். வென்றது வெளிநாட்டு ஓடர். இயந்திரக் குறைபாட்டால் ஏற்பட்ட விபத்து என்று அறிக்கை வந்தது. செல்வராணிக்குச் சேர வேண்டியது கிடைத்தது, கை ஆறியதும் லேபல் ஒட்டும் பகுதியில் வேலையும் கிடைத்தது. சீட்டைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நான் தனிப்பட்ட காரணங்களுக்காக மூன்று வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றேன். அந்தத் தனிப்பட்ட காரணம் என்ன என்று கடைசி வரை எனக்குச் சொல்லவில்லை. கம்பனியும் தன் பாடத்தைக் கற்றுக்கொண்டது. லொக்கைத் திருத்தியது, அதைவிட வேகமாகப் புதிய தளம் ஒன்றை வாங்கியது. அதில் பாடத்துக்கு முன் கற்பவரின் முகத்தைப் படம் பிடிக்கும். இப்போது அரவைப் பகுதியில் எல்லோரும் முகத்தைக் காட்டிவிட்டுப் போனைப் புஷ்பத்திடம் கொடுக்கிறார்களாம்.

என் கடைசி நாளில் அரவைப் பகுதிப் பெண்கள் ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். எல்லோரும் போன பிறகு செல்வராணி மட்டும் நின்றாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“அந்த இருபத்திமூணாவது பாடத்துல என்னதான் இருந்துச்சு?”

ஒரு விளக்கப்படம், ஒரு சின்னக் கதை, ஐந்து கேள்வி என்று தொடங்கினேன். அவள் தலையசைத்தாள். “அது இல்ல மிஸ். விசயம் என்ன?”

“சுவிட்ச அணைச்சாலும் பிளேட் உள்ளுக்குக் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். நூறு எண்ணிட்டுத்தான் மூடியத் தொறக்கணும்.”

அவள் குட்டையாகிப்போன இரண்டு விரல்களையும் மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவுதானா மிஸ்?” என்றாள். குரலில் கோபமே இல்லை. “இத ஒரு நாள் டீ குடிக்கிற நேரத்துல வந்து சொல்லியிருக்கலாமே. நாங்க பதினாலு பேரும் அங்கதான இருந்தோம்.”

நான் வெட்கப்பட்டு நின்றேன். அவர்கள் டீ குடிக்கும் இடம் என் அறைக்கு நேர் கீழே. அவர்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் வேலைக்கு இடைஞ்சல் என்று, நான் ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டுதான் அந்த நாற்பது பாடங்களையும் எழுதினேன்.